சாரத்தியக் கல்வி: திருகோணமலையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கடலை நோக்கி நின்றே எழுதியுள்ளனர். போர்த்துக்கேயர் 1624இல் கோட்டை கட்டியதும், 1782இல் பிரான்சியக் கடற்படைத் தலைவன் சஃப்ரன் துறைமுகத்தைக் கைப்பற்றியதும், 1795இல் ஆங்கிலேயர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து கவர்ந்ததும் நம் மாணவர் மனப்பாடமாக அறிந்த செய்திகள். துறைமுகத்தில் இறங்கிய பொருள் எவ்வழியே உள்நாடு சென்றது, அதனைக் கொண்டுசென்றவன் யாவன், வண்டி செலுத்தும் வித்தையை அவனுக்குக் கற்பித்தவர் யாவர் என்னும் வினாக்களோ அரிதாகவே எழுப்பப்பட்டன. கப்பலோட்டிகளுக்குக் கிடைத்த வரலாற்று இடம் வண்டியோட்டிகளுக்குக் கிடைக்கவில்லை. இக்கட்டுரை அவ்வண்டியோட்டிகளைப் பற்றியது. குறிப்பாக, அவர் கற்ற முறையைப் பற்றியது.

மோட்டார் வண்டி ஓட்டப் பழகுதல் கல்லூரி மலரில் ஆராயத்தக்க பொருளோ என ஐயுறுவாரும் உளர். அன்னார் ஒன்றைக் கருதுதல் வேண்டும். இந்நாட்டில் ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். 2016 முதல் 2018 வரையான ஆண்டுகளில் இத்தொகை மூவாயிரத்தையே எட்டியது. கணிதம் கற்பித்தலில் நாம் தவறினால் மாணவன் ஒரு பரீட்சையில் தோற்பான். சாரத்தியம் கற்பித்தலில் தவறு நேரின் அதன் பயனை வீதியில் நடந்து செல்லும் வேறொருவன் அனுபவிக்கின்றான். கற்றவனும் கற்பித்தவனும் செய்த பிழைக்குக் கற்காதவன் கடனிறுக்கும் இத்தகைய கல்வித்துறை பிறிதொன்று உண்டோ என்று எண்ணிப் பார்க்கலாம்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். சங்கச் செய்யுட்களில் தேர் செலுத்துவோன் வலவன் எனவும் பாகன் எனவும் வழங்கப்பட்டான். வினைமுடித்து மீளும் தலைவன் தன் உள்ளத்தை முதலில் வெளியிடுவது அவனிடமேயாம். பிற்காலத்தில் வடசொல்லாகிய சாரதி வந்து வழங்கலாயிற்று. தமிழ்நாட்டார் ஓட்டுநர் என்ற சொல்லையும் உரிமம் என்ற சொல்லையும் ஆக்கிக்கொள்ள, ஈழத்தில் நாம் சாரதி, சாரதி அனுமதிப்பத்திரம் என்பவற்றையே போற்றி வருகின்றோம். சொல்லில் ஒரு தகைமை உண்டு. பார்த்தனுக்குச் சாரதியாய் அமர்ந்தவன் கண்ணன். தசரதனுக்குச் சாரதி அமைச்சனான சுமந்திரன். பாரதத்துள் வரும் நளன் கதையோ சாரத்தியம் ஒரு கல்வி என்பதனையே கதையாக்கிக் காட்டுவது. வாகுகன் என்னும் பெயரோடு அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டிய நளன், பரியின் உள்ளமறியும் வித்தையை அம்மன்னனுக்கு அளித்து, கைம்மாறாக எண்ணும் சூதும் பற்றிய வித்தையைப் பெற்றுக்கொள்கின்றான். அரசனும் சாரதியும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகின்றனர். இத்துணை உயர்வாக வைத்தெண்ணப்பட்ட தொழில், இயந்திர வண்டி வந்த பின்னர் எழுத்தறியாதார் தொழிலென எண்ணப்பட்டது விந்தையே.

இயந்திர வண்டியின் உறுப்புப் பெயர்களோ வேறு வழியாக வந்தன. திருகோணமலை இந்துக் கல்லூரியோடு நெருங்கிய தொடர்புடையவரான விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக 1938இல் கலைச்சொற்றொகுதி வெளிவந்தது. அது பள்ளிப் பாடங்களை முன்னிட்டு எழுந்த முயற்சி. பட்டறையில் நின்றவனோ கிளச், கியர், பிரேக், பெற்றோல், ரயர் என்று தன் காதில் விழுந்தவாறே வழங்கினான். இன்றுவரை அவனே வென்று நிற்கின்றான், அதில் இழுக்கொன்றுமில்லை. கற்பிக்கும் வாசகங்கள் தெளிந்த தமிழில் அமையுமாயின் உறுப்புகளின் பெயர் எதுவாயினும் ஊறு இல்லை.

இனி, இத்தொழிற் கல்வி மேனாட்டில் தோன்றிய வகையைச் சுருங்கக் காண்போம். 1886இல் கார்ல் பென்ஸ் தம் வண்டிக்கு உரிமை பெற்றார். இரண்டாண்டு கழித்து அவர் மனைவி பெர்த்தா, கணவர் அறியாமலே இரு மைந்தரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை வண்டியைச் செலுத்திச் சென்றார். அவருக்குக் கற்பித்த பாடசாலை எதுவுமில்லை. பாரிஸ் நகரக் காவற்றுறை 1893இலேயே வண்டியோட்டுவோர் தகுதிச் சான்று பெறல் வேண்டுமென விதித்தது. இங்கிலாந்திலோ 1865ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திர வண்டிக்கு முன்னே செங்கொடி தாங்கிய ஒருவன் நடந்து செல்லவேண்டும் என்றிருந்தது. அச்சட்டம் நீங்கிய 1896ஆம் ஆண்டிலே, ஆகத்து மாதத்தில், இலண்டனில் பிரிஜெற் திறிஸ்கொல் என்னும் பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்தார். அவ்வண்டியைச் செலுத்தியவன் மூன்று வாரமே பழகியவன் என்பர். விசாரணை நடத்திய அதிகாரி இத்தகைய நிகழ்ச்சி இனியொருபோதும் நேராதிருக்குமென நம்புவதாகக் கூறினாராம். அந்நம்பிக்கைக்கு நேர்ந்த கதி யாவரும் அறிவர்.

1903ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் அனுமதிப்பத்திரத்தை நிறுவியது, பரீட்சையை நிறுவவில்லை. ஐந்து சிலிங் செலுத்திய பதினேழு வயதினன் எவனும் சாரதியாகலாம். இந்நிலையில் கற்பிக்கும் பொறுப்பைத் தனியாரே ஏற்றனர். ஜேர்மனியில் அசாஃபென்பேர்க் என்ற ஊரில் 1904இல் ருடோல்ஃப் கெம்ப் என்பார் சாரதிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். இலண்டனில் 1910இல் ஸ்ரான்லி றொபேட்ஸ் என்பார் தொடங்கிய பாடசாலையே பின்னர்ப் பிரித்தானிய மோட்டார்ப் பாடசாலை எனப் பெயர்பெற்றுப் பெருகியது. ஆக, சட்டம் பரீட்சையைக் கேட்பதற்குமுன்பே பாடசாலை தோன்றிவிட்டது. இம்முறைவரிசை கருதற்பாலது. பரீட்சைக்கென எழாத பாடசாலை, வண்டியைச் செலுத்தவும் பேணவும் கற்பிக்கவே எழுந்தது.

இலங்கைக்கு மோட்டார் வண்டி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வந்தது. 1904இல் கொழும்பிலே மோட்டார்ச் சங்கம் அமைந்தது. முதலில் வண்டி வைத்திருந்தோர் தோட்டத் துரைமாரும் செல்வந்தருமே. திருகோணமலைக்கோ வண்டியினும் வழியே பெரும் இடர்ப்பாடாயிருந்தது. மேற்கே கந்தளாய், ஹபரணை வழியாகக் காடு. தெற்கே மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் வழியில் ஆறுகளும் கழிமுகங்களும். இருப்புப் பாதை 1927இலேதான் இத்துறைமுகத்தை வந்தடைந்தது. அவ்வாண்டிலேயே 20ஆம் இலக்க மோட்டார் வண்டிக் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டது. அதனைத் தொடர்ந்து 1938இல் 45ஆம் இலக்கச் சட்டமும், 1951இல் இன்றளவும் பல திருத்தங்களோடு வழங்கும் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் வந்தன.

சட்டங்கள் கொழும்பில் எழுதப்பட, கல்வி லொறியின் பின்பெட்டியிலே நடந்தது. அக்கல்வியின் பெயர் கிளீனர் வேலை. பதினான்கு பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பள்ளியை விட்டு லொறியோடு சேர்வான். சேர்ந்தவுடன் சுக்கானைத் தொட அவனுக்கு உரிமை கிடையாது. வண்டியைக் கழுவுவான், நீர்த்தொட்டிக்கு நீர் வார்ப்பான், விடியற்காலையில் முன்புறக் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை எழுப்புவான். அக்கைப்பிடி திருப்பி உதைத்து மணிக்கட்டு முறிந்தோர் பலர். மூட்டை ஏற்றுதல், கயிறு கட்டுதல், ரயர் மாற்றுதல் என ஆண்டுகள் செல்லும். ஏற்றத்தில் வண்டி நின்றால் சில்லுக்குப் பின்னே கட்டை வைப்பவன் அவனே. தேர்த்திருவிழாவில் முட்டுக்கட்டை போடுவாரின் நுணுக்கத்தைக் கண்டவர்க்கு இது விளங்கும். நாழிகை தவறினால் பாரம் முழுதும் பின்னோக்கி ஓடும். இவ்வளவுக்கும் இடையே அவன் காது எஞ்சினின் ஒலியைக் கற்றுக்கொண்டிருக்கும். அக்காலக் கியர்ப்பெட்டியில் பற்சில்லுகள் தாமாக இசைந்து பொருந்தா. கிளச்சை இருமுறை மிதித்து, எஞ்சினின் வேகத்தைச் செவியால் அளந்தே கியர் மாற்றல் வேண்டும். பிழைபடின் வண்டி அலறும். சாரதியின் கை பையனின் தலையில் விழும்.

திருகோணமலைக் கிளீனர்மாருக்கு வேறெங்கும் எளிதிற் கிட்டாத ஒரு பாடம் வாய்த்தது. அது பாதைப் பாடம். கீழ்மாகாணத்தில் வாகனங்களை ஏற்றி ஆறும் கழியும் கடக்கும் மிதவையைப் பாதை என்றே வழங்குவர். கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என மூதூர் செல்லும் வழியெங்கும் துறைகள். பாதைக்கு முன்னே பிரயாணிகள் இறங்கிவிட, சாரதி தனியனாய் வண்டியைச் சரிவில் இறக்கி, பலகைகளின்மேல் சில்லு பிசகாது ஏற்றி, மிதவை சாயாத இடத்தில் நிறுத்துவான். முன்னே நின்று கையசைத்து வழிகாட்டுபவன் கிளீனர். சற்றே விரைந்தால் வண்டி மறுபுறம் நீரில் வீழும். சற்றே தயங்கினால் பலகையில் வழுக்கும். கையசைத்துப் பல்லாண்டு பழகிய பையனிடம் ஒருநாள் சாரதி இறங்கி நின்றுகொண்டு "நீ ஏற்று" என்பான். சட்டப்படியான பரீட்சை கச்சேரியில் நடந்ததாயினும் மெய்ப்பரீட்சை இத்துறைகளிலேதான் நிகழ்ந்தது. தமிழ்ப் பையன் தன் குருவை அண்ணை என்பான். முஸ்லிம் பையன் காக்கா என்பான். சிங்களப் பையன் ஐயே என்பான். மூன்று சொல்லுக்கும் பொருள் ஒன்றே. இம்மூவினத்தாரும் ஒருவரிடம் ஒருவர் கற்ற கல்விகளில் இதனினும் இயல்பாய் அமைந்தது யாதென எனக்குத் தோன்றவில்லை.

இம்முறையைக் குருகுலம் எனப் போற்றிவிட்டு அமைதல் தகாது. குருவிடம் இருந்த குறையனைத்தும் சீடனுக்கும் வந்தன. வளைவில் விரைந்து செல்லும் குருவின் சீடனும் விரைவான். மதுவருந்தி வண்டியேறும் குருவின் சீடனுக்கு அது தொழிலின் ஓர் அங்கமாகவே தோன்றும். ஏன் என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. வேகம் இருமடங்கானால் வண்டியை நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் ஏறத்தாழ நான்மடங்காகும் என்ற பௌதிக உண்மையை எந்தக் கிளீனருக்கும் எவரும் சொன்னதில்லை. அவன் பட்டறிந்தான், அல்லது பட்டு அழிந்தான். கூலியோ மிகச் சொற்பம். பள்ளியை விட்டுச் சென்ற அச்சிறுவரின் இளமை லொறி முதலாளிக்கு மலிவான உழைப்பாயிற்று என்பதையும் மறைத்தலாகாது.

இரண்டாம் உலகப்போர் இந்நிலையைக் கலைத்தது. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதற்கு முன்னும் பின்னும் துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் பெரும்படையின் நிலைக்களமாயின. இத்துணை வாகனங்களை இவ்வூர் முன்பு கண்டதில்லை. படையினர் கற்பித்த முறை கிளீனர் முறைக்கு முற்றிலும் மாறானது. பாடம் நாளுக்கு இவ்வளவு என வகுக்கப்பட்டது. வண்டியைப் பேணுதலும் செலுத்துதலும் ஒருங்கே போதிக்கப்பட்டன. சில வாரங்களில் ஒருவன் சாரதியாக்கப்பட்டான். பதினெட்டு வயது இளவரசி எலிசபெத் 1945இல் இங்கிலாந்தின் மகளிர் படைப்பிரிவில் சேர்ந்து வண்டி செலுத்தவும் பழுதுபார்க்கவும் பயின்றது அக்காலப் படைப்பயிற்சி எத்துணை விரிந்ததென்பதற்குச் சான்று. போர் ஒழிந்தபின் படையினர் விட்டுச்சென்ற லொறிகள் குடிமக்கள் கைக்கு வந்தன. வண்டி வந்தது, அவ்வண்டியைப் பற்றிப் படையினர் கற்பித்த முறை வரவில்லை. நம் நாட்டுக்குப் பிறர் விட்டுச்சென்றவற்றுள் இரும்பைப் பொறுக்கிக்கொண்டு முறையைக் கைவிட்டது இஃதொன்றில் மட்டுமன்று.

இங்கிலாந்தில் இதற்குள் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்திருந்தது. 1934இல் அந்நாட்டு வீதிகளில் 7,343 பேர் மாண்டனர். அவ்வாண்டே பரீட்சையைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர் பெலிசா அதனை நடைமுறைப்படுத்த, 1935 மார்ச்சு மாதம் விரும்பியோருக்கும் யூன் முதல் நாளிலிருந்து புதியோர் யாவர்க்கும் பரீட்சை நிகழ்ந்தது. கட்டணம் ஏழு சிலிங் ஆறு பென்சு. பழகுவோர் வண்டியில் மாட்டும் செந்நிற 'எல்' எழுத்துப் பலகை அக்காலத்தே தோன்றியது; அதுவே பின்னர் நம் வீதிகளுக்கும் வந்தது. அவ்வாண்டிலேதான் மோட்டார்ப் பாடசாலைகள் தமக்கென ஒரு சங்கத்தையும் அமைத்துக்கொண்டன.

இச்சங்கம் தோன்றிய காலத்தின் நிலை நம் கவனத்துக்குரியது. பரீட்சை கட்டாயமானதும் கற்பிப்போர் தொகை ஒருசேரப் பெருகியது. சாரதிக்குப் பரீட்சை உண்டு. சாரதிக்குக் கற்பிப்பவனுக்கோ எப்பரீட்சையும் இல்லை. வண்டியொன்றும் பலகையொன்றும் உடையவன் ஆசிரியனானான். நன்கு கற்பித்தோருக்கு இது மானக்கேடும் நட்டமுமாயிற்று. போர்க்காலத்தில் 1939 முதல் 1946 வரை பரீட்சை நிறுத்தப்பட்டது. சூயசு நெருக்கடியால் 1956 நவம்பர் தொட்டுச் சில மாதங்கள் மீண்டும் நின்றது. பழகுநர் துணையின்றியே ஓட்டலாம் என அப்பொழுது விதி தளர்த்தப்பட்டது. இவ்வளவுக்கும் பின்னரே 1964இல் ஆசிரியர் விரும்பிச் சேரத்தக்க பதிவேடு திறக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 1970இலிருந்து அப்பதிவு கட்டாயமாயிற்று. சாரதிக்குப் பரீட்சை வந்து முப்பத்தைந்தாண்டு கழிந்தே ஆசிரியனுக்குப் பரீட்சை வந்தது. பாடசாலை ஆசிரியராகிய நமக்கு இது புதிதன்று. பயிற்றப்பட்ட ஆசிரியர், பயிற்றப்படாத ஆசிரியர் என்னும் வேறுபாடு நம் தொழிலிலும் நெடுங்காலம் நின்றது; தகுதிச் சான்று வந்தபோது அதனை எதிர்த்தவர் யாவர், வரவேற்றவர் யாவர் என்பதை மூத்தோர் அறிவர்.

ஈழத்துக்கு மீள்வோம். 1951ஆம் ஆண்டுச் சட்டம் வந்த சில ஆண்டுகளில் வண்டியோட்டும் தொழில் நாட்டின் பெரும் பிணக்குகளின் நடுவே சென்று சிக்கிக்கொண்டது. 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் 33ஆம் இலக்கமாக நிறைவேறியது. அதனைத் தொடர்ந்து புதிய வாகனங்களின் எண்பலகையில் சிங்கள ஸ்ரீ எழுத்து இடம்பெற்றது. 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத்தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தனர். 1958 சனவரி முதல் நாள் பஸ் சேவைகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. மைத்திரிபால சேனாநாயக்க அதற்குப் பொறுப்பான அமைச்சர். அச்சபையின் ஸ்ரீ எண்பலகை தாங்கிய பஸ்கள் தமிழ்ப் பகுதிகளுக்கு வந்தபோது கிளர்ச்சி மூண்டது. ஏப்பிரல் 9இல் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதக் கலவரம் தொடர்ந்தது. ஒரு வண்டியின் முகத்தில் எழுதிய ஓர் எழுத்து இவ்வளவுக்கு இடமாயிற்று.

பஸ்ஸின் வெளிமுகத்தை நோக்கிய அளவுக்கு அதன் சாரதி ஆசனத்தை எவரும் நோக்கவில்லை. போக்குவரத்துச் சபை செய்த நன்மையொன்று அங்கே நிகழ்ந்தது. தனியார் பஸ் முதலாளியிடம் நாட்கூலிக்கு நின்ற சாரதி சீருடையும் மாதச் சம்பளமும் நேர அட்டவணையும் உடைய அரச ஊழியனானான். பிரயாணிகளைப் பிடிக்க இன்னொரு பஸ்ஸோடு போட்டியிட்டு ஓடவேண்டிய தேவை அவனுக்கு ஒழிந்தது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது அத்தேவை திரும்பி வந்தது. எவ்வளவு நன்றாகக் கற்ற சாரதியும் முன்னே செல்லும் பஸ்ஸை முந்தினாலன்றி அன்றைய கூலி கிட்டாதெனின் கற்றதை மறப்பான். சாரதிப் பாடசாலைகளையே குறைகூறுவோர் இதனை நினைவிற்கொள்ளுதல் நன்று.

மொழியினால் வந்த இடர் இன்னும் ஆழமானது. வீதிச் சட்டத்தை ஒருவன் அறிந்திருத்தல் வேண்டுமெனின், அச்சட்டம் அவன் வாசிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும். 1958ஆம் ஆண்டின் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டமும், 1966இல் வந்த அதன் விதிகளும், 1987இல் தமிழும் அரச கரும மொழி எனக் கூறிய பதின்மூன்றாம் திருத்தமும் படிப்படியாக இதற்கு வழி திறந்தன. இன்று எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். ஆயினும் பரீட்சைத் தாள் தமிழில் இருத்தல் வேறு. கற்பிக்கும் நூல் தமிழில் நன்றாய் இருத்தல் வேறு. கடைகளில் விற்கும் வினாவிடைப் பிரசுரங்கள் பலவற்றின் தமிழ், பிறமொழியிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்த தமிழ். முன்னுரிமை யாருக்கு என்ற எளிய விதியை மூன்றுமுறை வாசித்தும் விளங்காத வாக்கியமாக அவற்றுட் காணலாம். தமிழாசிரியரும் பௌதிக ஆசிரியரும் சாரதிப் போதனாசிரியரும் ஒருங்கிருந்து ஓர் இருநூறு பக்க நூலை ஆக்குதல் ஓராண்டு விடுமுறை வேலையே.

நம் அயலாகிய இந்தியா இத்துறையில் சென்ற வழியையும் காணுதல் வேண்டும். 1914, 1939 ஆகிய ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் 1988இல் வந்த மோட்டார் வாகனச் சட்டம், தன் 12ஆம் பிரிவில் சாரதிப் பாடசாலைகளுக்கு உரிமம் வழங்குதல் பற்றித் தனியே கூறுகின்றது. அதன்வழி 1989இல் எழுந்த மத்திய விதிகள் பாடசாலையில் இருக்கவேண்டிய பொருள்களையே பெயர்குறித்து விதிக்கின்றன. கரும்பலகை இருத்தல் வேண்டும். வீதியின் மாதிரி அமைப்பும் சைகைப் படங்களும் இருத்தல் வேண்டும். கியர்ப்பெட்டியும் பிரேக்கின் உறுப்புகளும் கண்ணாற் காணும்படி வைக்கப்படல் வேண்டும். ஐந்தாண்டு ஓட்டிய அனுபவமுடைய போதனாசிரியர் வேண்டும். சிறு வண்டிக்கு இருபத்தொரு நாளுக்கும் பத்து மணி நேர ஓட்டத்துக்கும் குறையாத பயிற்சியும், போக்குவரத்து வண்டிக்கு முப்பது நாளும் பதினைந்து மணி நேரமும் குறிக்கப்பட்டுள்ளன. எழுதிய விதி முழுவதும் எல்லா ஊரிலும் நடைபெறுகின்றதென எவரும் சொல்லார். ஆயினும் கரும்பலகையைச் சட்டத்துட் கொண்டுவந்தவர் ஒன்றை உணர்ந்திருந்தனர்: அவ்விடம் வண்டி வாடகைக்கு விடும் நிலையமன்று, வகுப்பறை. தமிழ்நாட்டிலே வீதிப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக வாகனச் சாரதிகளுக்கெனப் பயிற்சிப் பாடசாலை நடத்தியதும் இவ்வுணர்ச்சியினாலே.

நம் மாவட்டத்தில் இதற்கிடையே காலம் வேறு பாடங்களைக் கற்பித்துக்கொண்டிருந்தது. 1983 தொட்டுப் போர், சோதனைச் சாவடிகள், மாலையானதும் அடைபடும் வீதிகள். 2006இல் மாவிலாற்றுச் சண்டையின்போது மூதூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். அக்காலத்தில் வண்டியோட்டக் கற்ற ஒருவன் முதலிற் கற்றது, சாவடிக்கு முன்னே விளக்கைத் தணித்து மெதுவாக ஊர்ந்து சென்று நிறுத்துவதை. போர் 2009இல் முடிந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 20ஆம் நாள் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நாட்டிலேயே நீளமான பாலமென அது பேர்பெற்றது. உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்கள் 2011இல் தொடர்ந்தன. பாதைகள் ஓய்ந்தன. மணிக்கணக்கிற் காத்துக் கடந்த வழியை இன்று இளைஞன் ஒருவன் மோட்டார்ச் சைக்கிளில் நொடிகளிற் கடக்கின்றான். வழி திருந்தியதில் மகிழாதார் யார்? ஆனால், தடைகளே வேகத்தை அடக்கி வைத்திருந்த ஒரு மாவட்டத்தில் தடைகள் யாவும் சில ஆண்டுகளுக்குள் நீங்கின என்பதனையும் அதற்கேற்பச் சாரத்தியக் கல்வி விரிவடையவில்லை என்பதனையும் வரலாற்றை நோக்குவோன் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

வாகனத் தொகையும் பெருகியது. நாட்டிற் பதிவான வாகனங்கள் எண்பது இலட்சத்தைக் கடந்துவிட்டன; முச்சக்கர வண்டிகள் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேல். ஆசிரியைமாரும் தாதியரும் தத்தம் வண்டியிலேயே தொழிலுக்குச் செல்லும் காட்சி உவர்மலையிலும் பாலையூற்றிலும் நாள்தோறும் காணத்தக்கது. கிளீனர் மரபில் பெண்ணுக்கு இடமே இருந்ததில்லை. அவளுக்கு வீதியைத் திறந்துவிட்டது சாரதிப் பாடசாலையே. அப்பாடசாலைகளைப் பற்றிப் பேசுவோர் இந்நன்மையை முதலிற் சொல்லல் வேண்டும்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். பாடசாலைக்கு வருவோர் பெரும்பாலும் அனுமதிப்பத்திரத்தைப் பெறவே வருகின்றனர். பாடசாலையும் அதனையே விற்கின்றது. பரீட்சையில் எவ்விடத்தில் திருப்பச் சொல்வர், எங்கே பின்னோக்கிச் செலுத்தச் சொல்வர் என்பதே பாடமாகின்றது. இதனைக் கண்டு ஏளனம் செய்யும் தகுதி நமக்கில்லை. சென்ற ஐந்தாண்டு வினாத்தாள்களை வைத்து உயர்தர வகுப்பை நடத்தும் நாமும் அதனையே செய்கின்றோம். பரீட்சை எவ்வழியோ போதனையும் அவ்வழியே செல்லும்.

ஆதலால் சாரதிப் பாடசாலைகள் தம் தொழிலின் பொருட்டுக் குரலெழுப்பும்போது எதனைக் கேட்கின்றன என்பது முக்கியமாகின்றது. கட்டணத்தை உயர்த்துமாறும் பரீட்சைத் தினங்களைக் கூட்டுமாறும் கேட்டல் எத்தொழிலுக்கும் உரியதே. அவற்றினும் மேலாகத் தம்மைத் தாமே கட்டுப்படுத்தும் விதியை அவர்கள் கேட்கலாம்: இத்தனை மணி நேரம் ஓட்டாதவனைப் பரீட்சைக்கு அனுப்பலாகாது, மழையிலும் இருளிலும் ஒருமுறையேனும் ஓட்டாதவனுக்குச் சான்று இல்லை, போதனாசிரியர் ஒவ்வொருவரும் கற்பித்தலிலும் தனியே தேர்வு பெறல் வேண்டும் என்று. குறைந்த நேரத்தில் குறைந்த காசுக்கு அனுமதிப்பத்திரம் எடுத்துத் தருவோமென விளம்பரம் செய்வோரிடம் நல்ல பாடசாலை இன்று தோற்கின்றது. பொதுவிதி வந்தால் அத்தோல்வி நீங்கும். எனவே இக்கோரிக்கை துறவியின் கோரிக்கையன்று. நல்ல வணிகனின் கோரிக்கை.

இருளில் ஓட்டுதலைக் குறிப்பாகச் சொன்னதற்குக் காரணம் நம் மாவட்டத்தின் இயல்பே. பயிற்சி பெரும்பாலும் பகலில் நகர வீதிகளில் நடக்கின்றது. அனுமதிப்பத்திரம் பெற்றவன் முதல் நெடும்பயணமாகக் கொழும்புக்குப் புறப்படுகின்றான். கந்தளாய்க்கு அப்பால் காட்டுவழியில் இரவில் யானை குறுக்கே நிற்கின்றது. பழைய லொறிச் சாரதிகள் இதற்கொரு முறை வைத்திருந்தனர். தொலைவிலேயே நிறுத்துக, ஹோர்ன் அடியாதே, பெருவிளக்கை அதன் கண்ணிற் பாய்ச்சாதே, எஞ்சினை அணைக்காமல் பின்வாங்குவதற்கு ஆயத்தமாய் இரு, ஒன்று கடந்தபின் உடனே புறப்படாதே, கன்றோடு இன்னொன்று வரும். கிளீனர் பையன் இதனை இரவில் சாரதியின் பக்கத்தில் விழித்திருந்து கற்றான். அச்சாரதிகள் சிலர் முதியராய் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கின்றனர். இவ்வாண்டு வரலாற்று மாணவர் மன்றத்தார் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் செல்வதாயின், கிண்ணியாத் துறையடியிலிருந்து தொடங்கலாம்.